ஊர்ப்பக்கம்: பத்து நாள் பள்ளிக்கூடம்... பதினோராம் நாள் என்ன?

முழு ஆண்டுத் தேர்வு முடிந்து பள்ளிக்கூடத்துக்குப் பூட்டு விழுந்ததும், திருநெல்வேலி, தூத்துக்குடி, தென்காசிப் பக்கத்துத் தேவாலயங்களில் ஒரு பரபரப்பு தொடங்கிவிடும். சார்ட் அட்டை, கலர் பேப்பர், கோந்து, ஸ்கெட்ச் பேனா எல்லாம் மூட்டை மூட்டையாக வந்து இறங்கும். கல்லூரிப் பிள்ளைகள், வேலைக்குப் போகும் இளைஞர்கள், ஓய்வுபெற்ற டீச்சர்கள் என ஒரு கூட்டம் கையை ஆட்டி, காலைத் தட்டி ஆக்‌ஷன் பாட்டு பழகிக்கொண்டிருக்கும். 'விபிஎஸ்' வந்துவிட்டது என்று அர்த்தம்.

முழுப்பெயர், விடுமுறை வேதாகமப் பள்ளி. ஒரு வாரம் முதல் பத்து நாள் வரை நடக்கும். பெரும்பாலும் அந்தந்தச் சபைப் பிள்ளைகளுக்காக அவர்களுடைய ஆலயத்திலேயே நடக்கும். அதோடு நிற்காமல், ஒரு வேனைப் பிடித்து, மைக் செட்டை ஏற்றிக்கொண்டு கிராமங்களுக்குக் கிளம்பும் குழுக்களும் உண்டு. அப்படிப் போகிற ஊர்களில் சிலவற்றில் ஆலயமே இருக்காது. சிலவற்றில் நாலைந்து கிறிஸ்தவக் குடும்பங்கள் இருக்கலாம். அங்கே பாயில் வந்து உட்காரும் பிள்ளைகளில் பாதிக்கு மேல் வேறு சமயத்து வீட்டுப் பிள்ளைகளாக இருப்பதும் சகஜம்.

அதனால்தான் இந்தப் பத்து நாளோடு சந்தோஷமும் வருகிறது, சில கேள்விகளும் வருகின்றன. இரண்டையும் இந்த வாரம் பார்ப்போம்.

கோடையில் கிராமத்துப் பிள்ளை என்ன செய்யும்?

நகரத்தில் லீவு விட்டால் நீச்சல் கிளாஸ், கீபோர்டு கிளாஸ், அபாகஸ், பாட்டி வீடு, மால் என்று பட்டியல் நீளும். விளாத்திகுளம், எட்டயபுரம், கோவில்பட்டி பக்கத்துக் கரிசல் கிராமத்தில் அந்தப் பட்டியலுக்கு வழியில்லை. அப்பா உப்பளத்துக்கோ தீப்பெட்டி ஆபீசுக்கோ போயிருப்பார். அம்மா நூறு நாள் வேலையில் இருப்பார். தென்காசிப் பக்கம் என்றால் மடியில் பீடித்தட்டு இருக்கும். உடன்குடி, திசையன்விளைப் பக்கத்துத் தேரிக்காட்டில் கோடைதான் பதனீர் சீசன். பனையேறும் குடும்பத்தில் பெரியவர்கள் யாருக்கும் பகலில் ஓய்வு கிடையாது.

வீட்டில் இருக்கும் பிள்ளைக்குத் துணை ஒரு செல்போனோ ஒரு பாட்டியோதான். மீதி நேரத்துக்குக் கிணறும் கண்மாயும் இருக்கின்றன. ஒவ்வொரு கோடையிலும் 'குளிக்கச் சென்ற சிறுவர்கள்' என்று தொடங்கும் செய்தி எந்த ஊரிலிருந்தாவது வரத்தான் செய்கிறது. "பிள்ளை எங்கே போச்சோ" என்ற பயத்தோடுதான் பல அம்மாக்கள் மே மாதத்தைக் கடத்துகிறார்கள்.

சோற்றுக் கணக்கும் இருக்கிறது. காமராஜர் 1956-ல் மதிய உணவுத் திட்டத்தைத் தொடங்கிவைத்தது இதே எட்டயபுரத்தில்தான். 1982-ல் அது எம்.ஜி.ஆரின் சத்துணவுத் திட்டமாக விரிந்தது. 2022-ல் காலை உணவும் வந்தது. ஆனால், பள்ளிக்கூடம் மூடினால் அந்த அடுப்பும் அணைந்துவிடும். வறட்சி பாதித்த பகுதிகளில் கோடை விடுமுறையிலும் மதிய உணவு தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2004-ல் உத்தரவிட்டதே, விடுமுறைக்கும் பசிக்கும் உள்ள சம்பந்தம் தெரிந்ததால்தான்.

இப்படிப்பட்ட ஊருக்குள் ஒரு வேன் வந்து நிற்கிறது. பாட்டு கேட்கிறது. காலை ஒன்பது மணிக்குப் போனால் பன்னிரண்டு மணி வரை பிள்ளை ஒரே இடத்தில் இருக்கும், சுண்டலும் ஜூஸும் கிடைக்கும் என்றால் எந்த அம்மா வேண்டாம் என்பார்?

மதுக்கடையில் தொடங்கிய வகுப்பு

விபிஎஸ்ஸின் பூர்வீகம் கொஞ்சம் வேடிக்கையானது. 1898-ல் நியூயார்க் நகரின் கிழக்குப் பகுதியில், நெரிசலான ஏழைக் குடியிருப்புகளில், கோடை விடுமுறையில் பிள்ளைகள் தெருவில் சுற்றிக்கொண்டிருந்தார்கள். அதைப் பார்த்த எலைசா ஹாஸ் என்ற பெண்மணி அவர்களுக்கு வகுப்பு நடத்த இடம் தேடினார். கிடைத்தது ஒரு பீர் கடை. அதையே வாடகைக்குப் பிடித்தார். காலையில் பாட்டு, வேதாகமக் கதை, விளையாட்டு, கைவேலை என்று தொடங்கினார். 1901-ல் ராபர்ட் போவில் என்ற போதகர் அதை மற்ற இடங்களுக்கும் கொண்டுபோனார். சொல்லிக்கொடுக்கக் கல்லூரி மாணவர்களைச் சேர்த்துக்கொண்டார். அவர்களுக்கும் கோடை விடுமுறைதானே!

அதற்கும் முன்னால், 1780-ல் இங்கிலாந்தின் குளோஸ்டர் நகரில் ராபர்ட் ரெய்க்ஸ் என்ற பத்திரிகைக்காரர் ஓய்வுநாள் பள்ளியைத் தொடங்கினார். வாரத்தில் ஆறு நாளும் வேலைக்குப் போகும் பிள்ளைகளுக்கு ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஓய்வு. அன்றைக்கு எழுத்து கற்றுக்கொடுக்கலாம் என்பது அவர் யோசனை. சமயம் சொல்வதும் எழுத்து சொல்வதும் ஆரம்பத்திலிருந்தே ஒன்றாகத்தான் நடந்திருக்கின்றன.

நெல்லைச் சீமைக்கும் இது பழகிய காட்சி. ஜெர்மனியிலிருந்து வந்த ரேனியஸ் 1820-ல் பாளையங்கோட்டையில் கால்வைத்தார். ஊர் ஊராகப் பள்ளிகளைத் திறந்தார். 1841-ல் இடையன்குடிக்கு வந்த கால்டுவெல் அங்கேயே அரை நூற்றாண்டு வாழ்ந்தார். தமிழுக்கு அவர் தந்த ஒப்பிலக்கணம் எல்லோருக்கும் தெரியும். தேரிக்காட்டுப் பிள்ளைகளுக்கு அவர் நடத்திய பள்ளி அந்த ஊர்க்காரர்களுக்குத் தெரியும்.

பிறகு, வெள்ளைக்காரர்கள் வந்த பாதையில் உள்ளூர்க்காரர்களே கிளம்பினார்கள். வெள்ளாளன்விளையில் பிறந்த வி.எஸ்.அசரியா 1903-ல் இந்திய மிஷனெரி சங்கம் உருவாவதில் முன்னின்றார். வெளிநாட்டுக் காசு வேண்டாம், நம் ஆட்கள் நம் காசில் போவோம் என்பதுதான் அதன் அடிப்படை. அவர்கள் போன இடம் ஹைதராபாத் நிஜாம் ஆட்சிப் பகுதியில் இருந்த தோர்ணக்கல். இன்றைக்கு மே மாதம் வேனில் ஏறும் பிள்ளைகள் அந்த நூற்றாண்டு வழக்கத்தின் தொடர்ச்சி. உண்டியல் பெட்டியில் சேர்ந்த சில்லறையும், யாரோ ஓர் அத்தை தந்த அரிசி மூட்டையும்தான் இன்றும் பல குழுக்களின் பட்ஜெட்.

ஒரு நாள் எப்படிப் போகும்?

வேலை ஊருக்குள் நுழைவதற்கு முன்பே தொடங்கிவிடுகிறது. ஒவ்வொரு வருடமும் ஒரு தலைப்பு உண்டு. அதற்கென்று பாட்டும், வயதுவாரியாகப் புத்தகமும் வரும். பிகினர், பிரைமரி, ஜூனியர் என்று பிரித்து, ஆசிரியர்களுக்குத் தனியாகப் பயிற்சி நடக்கும். பயிற்சி முடித்துப் போகிற குழுவில் சமையலுக்கு ஒருவர், மைக் செட்டுக்கு ஒருவர், முதலுதவிப் பெட்டிக்கு ஒருவர் என வேலை பிரித்திருப்பார்கள்.

முதல் நாள் காலை, பக்கத்து ஊர் உபதேசியாரோ ஐயரோ முன்னால் நடக்க, குழு வீடு வீடாகப் போகும். "பிள்ளைய அனுப்புதியளாம்மா?" என்று கேட்டால், "எத்தன மணிக்கு விடுவிய?" என்பதுதான் முதல் பதிலாக வரும். இரண்டாவது கேள்வி, "காசு உண்டா?" இல்லை என்றதும் வாசலிலேயே பிள்ளைக்குத் தலை சீவல் ஆரம்பமாகிவிடும்.

வேப்பமரத்தடியில் பாய் விரிக்கப்படும். பாட்டு, ஜெபம், கதை, மனப்பாட வசனம், கைவேலை, விளையாட்டு, தின்பண்டம் என்பதுதான் வரிசை. கதைக்குத் துணியால் ஆன படப்பலகை இருக்கும். படங்களை அதில் ஒட்டி ஒட்டி எடுப்பார்கள். பொம்மலாட்டம் தெரிந்த ஓர் அண்ணன் இருந்துவிட்டால் அன்றைக்கு மொத்த ஊரும் கூடிவிடும். மூன்றாம் நாளிலேயே பிள்ளைகள் டீச்சர்களைப் பெயர் சொல்லி 'அக்கா', 'அண்ணன்' என்று கூப்பிடத் தொடங்கிவிடுவார்கள். ஐந்தாம் நாள் வருகைப்பதிவுக்குப் போட்டி நடக்கும். கடைசி நாளுக்கு முந்தைய நாள் பேனர் பிடித்துத் தெருத்தெருவாகப் பவனி. கடைசி நாள் மேடை, மைக், நாடகம், பரிசு.

சிலேட்டும் டிபன் பாக்ஸும் பரிசாகக் கிடைப்பது ஒரு பக்கம். அந்த மேடைதான் பெரிய விஷயம். வகுப்பறையில் கடைசி வரிசையில் உட்காரும் பிள்ளைக்கு மைக் முன்னால் நிற்கும் வாய்ப்பு எப்போதாவதுதான் வரும். இங்கே பேர் கொடுத்த எல்லோருக்கும் வாய்ப்பு உண்டு. கைதட்டுவதற்கு வேலையை விட்டுவிட்டு அம்மா வந்திருப்பார்.

போகிறவர்களுக்கும் இது ஒரு படிப்புதான். ஏசி அறையில் படித்துப் பழகிய கல்லூரிப் பெண், குடத்தோடு குழாயடியில் வரிசையில் நிற்பது என்றால் என்னவென்று அங்கேதான் தெரிந்துகொள்கிறார். நான்காம் வகுப்புப் பிள்ளைக்குப் பாட்டுப் புத்தகத்தை வாசிக்கத் தெரியவில்லை என்பதைப் பார்க்கும்போது, பாட்டை நிறுத்திவிட்டு 'அ' எழுதச் சொல்லிக்கொடுக்கத் தோன்றுகிறது.

எந்தத் தெருவில் பாய் விரிப்பது?

மைக் செட்டை எங்கே இறக்குவது என்பது சின்ன விஷயமாகத் தெரியும். தென்மாவட்டக் கிராமத்தில் அது பெரிய முடிவு. ஊருக்குள் விரித்தால் காலனிப் பிள்ளைகள் வரத் தயங்குவார்கள். காலனியில் விரித்தால் ஊர்ப் பிள்ளைகளை அனுப்ப மாட்டார்கள். இரண்டு இடத்தில் தனித்தனியாக நடத்துவது சுலபமான வழி. ஆனால், அப்படிச் செய்தால் பிரிவினையைக் குழுவே ஏற்றுக்கொண்ட மாதிரி ஆகிவிடும்.

அனுபவமுள்ள குழுக்கள் பொதுவான இடத்தைத் தேடும். பள்ளிக்கூடத்துக்கு வெளியே உள்ள மரத்தடி, பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்து மைதானம் மாதிரி. ஒரே பாய், ஒரே டம்ளர், ஒரே வரிசை. இது வெளியில் சொல்லப்படாத பாடம். பிள்ளைகள் இதைத்தான் முதலில் கவனிக்கிறார்கள். கிறிஸ்தவ சபைகளுக்குள்ளேயே சாதி இருக்கிறது என்பது ஊர் அறிந்த விஷயம். வேனில் வருகிற குழுவே எல்லாத் தெருவிலிருந்தும் வந்தவர்களாக இருந்தால்தான் அந்த ஒரே பாய்க்கு அர்த்தம் உண்டு.

வாசலில் நிற்கும் கேள்வி

இனி, பலரும் மெதுவாகக் கேட்கிற கேள்விக்கு வருவோம். "இது லீவு கிளாஸா, மதமாற்றமா?"

சட்டம் சொல்வது இதுதான். அரசியலமைப்பின் 25-வது பிரிவு, பொது ஒழுங்கு, ஒழுக்கம், சுகாதாரம் ஆகியவற்றுக்கு உட்பட்டு, எந்த மதத்தையும் பின்பற்றவும் பரப்பவும் எல்லோருக்கும் உரிமை தருகிறது. ஒரு மதத்தின் கருத்துகளை எடுத்துச்சொல்வது அந்த உரிமைக்குள் வரும், இன்னொருவரை மதம் மாற்றுவதற்கான உரிமை அதில் இல்லை என்று உச்ச நீதிமன்றம் 1977-ல் ஸ்டானிஸ்லாஸ் வழக்கில் விளக்கியது. முழுக்க அரசு நிதியில் நடக்கும் பள்ளியில் மதபோதனை கூடாது என்கிறது 28-வது பிரிவு. அரசு அங்கீகாரமோ உதவியோ பெற்ற மற்றப் பள்ளிகளிலும், சிறுவர் என்றால் பெற்றோர் அல்லது பாதுகாவலரின் சம்மதம் இல்லாமல் மதபோதனையில் உட்காரவைக்க முடியாது.

மரத்தடி வகுப்பு பள்ளிக்கூடம் கிடையாதுதான். ஆனால், நியாயம் ஒன்றுதான். பத்து வயதுப் பிள்ளைக்குப் பாட்டு பிடிக்கும், ஜூஸ் பிடிக்கும், பரிசு பிடிக்கும். தன் வீட்டுச் சாமியை விட்டு இன்னொரு சாமியைத் தேர்ந்தெடுப்பதற்கு இவை காரணங்கள் ஆக முடியாது. பிள்ளை கை தூக்கியதை ஒரு முடிவாக எடுத்துக்கொண்டு எண்ணிக்கை சொல்வது, அந்தப் பிள்ளைக்கும் நியாயம் செய்வதில்லை, அந்த விசுவாசத்துக்கும் மரியாதை செய்வதில்லை. இதைச் சபைகளுக்குள்ளேயே சொல்கிறவர்கள் உண்டு.

பெற்றோர் பக்கமும் ஒரு நிஜம் இருக்கிறது. மாரியம்மன் கோயில் கொடைக்கு வரி கொடுக்கும் அதே வீடு, பிள்ளையை விபிஎஸ்ஸுக்கு அனுப்பும். வேளாங்கண்ணிக்கு முடி இறக்கும். தர்காவில் ஓதிக் கயிறு கட்டிக்கொள்ளும். தமிழ்க் கிராமத்துக்குச் சாமிகளோடு பெரிய சண்டை இல்லை. மறைத்துச் செய்தால்தான் சண்டை வரும். 'ஸ்போக்கன் இங்கிலீஷ் கிளாஸ்' என்று சொல்லிக் கூப்பிட்டுவிட்டு வேதக்கதை சொன்னால் அம்மாக்களுக்குக் கோபம் வருவது நியாயம். 'இது வேதாகமக் கதை சொல்லும் வகுப்பு, விருப்பம் இருந்தால் அனுப்புங்கள்' என்று முதலிலேயே சொல்லிவிட்டால், அனுப்புகிறவர் தெரிந்தே அனுப்புகிறார். அனுப்பாதவரும் மறுநாள் சிரித்துப் பேசுவார்.

கோடை வகுப்பு எடுப்பது கிறிஸ்தவர்கள் மட்டும் இல்லை. பள்ளிவாசல்களில் தீனியாத் வகுப்பு நடக்கிறது. கோயில்களிலும் மடங்களிலும் தேவாரமும் ஸ்லோகமும் சொல்லித்தருகிறார்கள். அறிவியல் இயக்கத்தினர் தொலைநோக்கியோடு வருகிறார்கள். பிள்ளைகளைத் தேடி யார் வந்தாலும் இந்தக் கணக்கு பொருந்தும்.

நடத்துகிறவர்கள் கவனத்துக்கு...

* என்ன சொல்லித்தரப் போகிறோம் என்பதை அழைப்பிதழிலேயே தெளிவாக எழுதுங்கள். ஒவ்வொரு பிள்ளைக்கும் பெற்றோர் கையெழுத்தோ கைநாட்டோ வாங்கி, போன் நம்பரையும் குறித்துக்கொள்ளுங்கள்.

* ஊராட்சித் தலைவருக்கும் ஊர்ப் பெரியவர்களுக்கும் முன்கூட்டியே தகவல் சொல்லுங்கள். சமுதாயக்கூடம் போன்ற பொதுக் கட்டடம் என்றால் அனுமதி அவசியம்.

* ஒரு பெரியவர் ஒரு பிள்ளையோடு தனியாக இருக்கும் நிலை வேண்டாம். எப்போதும் இருவர் இருங்கள். பெண் பிள்ளைகள் வரும் வகுப்பில் பெண் ஆசிரியர்கள் கட்டாயம் இருக்கட்டும்.

* வீட்டில் கும்பிடும் சாமியைக் கேலி செய்யும் கதை, பாட்டு எதுவும் வேண்டாம். அந்தப் பிள்ளை சாயங்காலம் திரும்பிப் போவது அந்த வீட்டுக்குத்தான்.

* பிள்ளைகளின் முகம் தெரியும் போட்டோவைப் பெற்றோர் சம்மதமின்றி வாட்ஸ்அப், ஃபேஸ்புக்கில் போடாதீர்கள். பரிதாபத்தைக் காட்டி நன்கொடை கேட்பது அந்தப் பிள்ளைக்கு அவமானம்.

* மே மாத வெயில் சும்மா விடாது. பதினொரு மணிக்கு மேல் திறந்தவெளி விளையாட்டு வேண்டாம். குடிநீரும் உப்பு-சர்க்கரைக் கரைசலும் கைவசம் இருக்கட்டும்.

அனுப்புகிற அம்மா, அப்பா கவனத்துக்கு...

* எந்தச் சபை, யார் பொறுப்பு, எத்தனை மணிக்கு விடுவார்கள் என்று கேளுங்கள். கேட்பதில் தவறே இல்லை. நல்ல குழு என்றால் சந்தோஷமாகப் பதில் சொல்லும்.

* ஒரு நாளாவது நேரில் போய் ஓரமாக உட்கார்ந்து பாருங்கள்.

* சாயங்காலம் "இன்னிக்கு என்ன கதை?" என்று கேளுங்கள். பிடித்ததையும் பிடிக்காததையும் பிள்ளை வாய் திறந்து சொல்லட்டும்.

* வேனில் வெளியூர் கூட்டிப்போவது, இரவு தங்கவைப்பது என்றால் யோசித்துச் சம்மதியுங்கள்.

* பிள்ளை திடீரென்று போக மறுத்தாலோ பயந்தாலோ அலட்சியப்படுத்தாதீர்கள். குழந்தைகளுக்கான உதவி எண் 1098. பாலியல் தொந்தரவு என்றால் 2012-ம் ஆண்டின் போக்சோ சட்டம் இருக்கிறது. குற்றம் தெரிந்த பிறகும் மறைப்பது அந்தச் சட்டப்படி தவறு.

பதினோராம் நாள்

பத்தாம் நாள் இரவு மைக் செட்டை அவிழ்த்து வேனில் ஏற்றுவார்கள். பிள்ளைகள் வேனுக்குப் பின்னால் ஊர் எல்லை வரை ஓடுவார்கள். 'அடுத்த வருஷம் வருவீங்களாக்கா?' என்று கேட்பார்கள். 'வருவோம்' என்பார்கள் அக்காக்கள். அதைச் சொல்லும்போது அது உண்மைதான். அடுத்த மே மாதம் அந்த அக்காவுக்கு வேலை கிடைத்திருக்கும், கல்யாணம் ஆகியிருக்கும், அல்லது குழு வேறு ஊருக்குப் போயிருக்கும்.

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு மரத்தடியில் யாரும் இருப்பதில்லை. பள்ளிக்கூடம் திறக்க இன்னும் நாள் இருக்கிறது. கிணறு அங்கேயேதான் இருக்கிறது. சத்துணவு அடுப்பும் இன்னும் பற்றவில்லை. 'அ' எழுதத் தொடங்கிய பிள்ளை 'ஆ'வுக்கு யாரைத் தேடும்?

இதைப் புரிந்துகொண்ட சபைகள் ஊர்களின் எண்ணிக்கையைக் குறைத்துக்கொள்கின்றன. பத்து ஊருக்கு ஒவ்வொரு முறை போவதற்குப் பதிலாக, ஒரே ஊருக்கு வருடம் முழுக்க மாதம் ஒரு சனிக்கிழமை போகலாம். உள்ளூரில் பிளஸ் டூ முடித்த ஒரு பெண்ணிடம் பொறுப்பைக் கொடுத்து மாலை வகுப்பு நடத்தலாம். இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தில் தன்னார்வலர்கள் செய்தது கிட்டத்தட்ட இதைத்தான். ஒரு பெட்டி நிறையக் கதைப்புத்தகங்களை ஊர் நூலகத்துக்கோ, அது இல்லாவிட்டால் ஒரு வீட்டுத் திண்ணைக்கோ கொடுத்துவிட்டுப் போகலாம். இவற்றில் எதுவும் பெரிய செலவு இல்லை. போட்டோவுக்கும் அவ்வளவு நன்றாக வராது. ஆனால், வாசிக்கத் தெரியாத பிள்ளைக்கு உதவுவது இதுதான்.

வேன் வராத ஊர்க்காரர்களும் இதைச் செய்யலாம். எந்தச் சபையும் சங்கமும் தேவையில்லை. வருகிற மே மாதம் உங்கள் தெருவில் ஒரு மரத்தடி, ஒரு பாய், நாலு கதைப்புத்தகம், தினமும் ஒரு மணி நேரம். பக்கத்து வீட்டு டீச்சரக்காவிடம் இன்றைக்கே பேசிவையுங்கள்.